சாப்ட்வேருக்குக் காசு கொடுத்தோம், சாவி அவர்களிடமே இருந்தது: திருப்பூர் ஜாப் ஒர்க் கம்பெனிக்காரர்கள் கவனத்துக்கு

பனியன் கம்பெனி, பவர் டேபிள் (தையல் யூனிட்), செக்கிங் யூனிட் என்று எது நடத்தினாலும் சரி, "உங்களுக்கென்றே தனியாக சாப்ட்வேர் செய்து தருகிறோம்" என்று யாராவது வந்து நின்றால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

திருப்பூர் 15 வேலம்பாளையம் என்ற ஊரில் நானும் என் வீட்டுக்காரரும் 42 மெஷின் வைத்துத் தையல் ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறோம். எல்லாம் பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி), சனிக்கிழமை சம்பளம். ஓவர்லாக் தையலுக்கு ஒரு ரேட், பேட்லாக் தையலுக்கு ஒரு ரேட், ஸ்டைல் மாறினால் அதுவும் மாறும். வெள்ளிக்கிழமை ராத்திரி, யார் எத்தனை கட்டு தைத்தார்கள் என்று காட்டும் பண்டில் சீட்டுகளைத் தரையில் பரப்பிக் கணக்குப் போட்டு முடிக்க மணி இரண்டாகிவிடும். 2024 தொடக்கத்தில் கோவையிலிருந்து ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். "சீட்டு நம்பரைத் தட்டுனா போதுங்க்கா, சம்பளம் தானா வந்துரும். டெய்லருங்க போன்லயே பார்த்துக்கலாம்" என்றார்கள். மூன்று தவணையில் 2,40,000 ரூபாய் கொடுத்தோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒன்றரை வருடம் நன்றாகவே ஓடியது. வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட்டால் அவரவர் சம்பளச் சீட்டு ஆப்பில் திறக்கும். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள்கூடத் தங்கள் கணக்கைத் தாங்களே சரிபார்த்துக்கொண்டார்கள்.

2025 ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ஒரு லிங்க்கும் திறக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "கூகுள்காரங்க மூடிட்டாங்க்கா. மாத்தி எழுதோணும், 85,000 ஆகும்" என்றார் அந்த சாப்ட்வேர் கம்பெனி முதலாளி.

என் நங்கையா (அண்ணி) மகள் கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கிறாள். அவளிடம் காட்டினேன். "மூடுனது நெசந்தானுங்க அத்தை" என்றாள். அந்த லிங்க்குகள் பயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் என்ற கூகுள் சேவையில் ஓடியவை. 2025 ஆகஸ்ட் 25 அன்று அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிறுத்தப்போவதாக 2023-லேயே அறிவித்து, புதிய வேலைகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கூகுளே எழுதியும் வைத்திருந்தது. அதாவது, மூடப்போகிற கடைக்குள் எங்களைக் கொண்டுபோய் உட்காரவைத்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் ஒரு சேவையை நினைத்தால் மூடுவார்கள். அதை நம்மால் தடுக்க முடியாது. முன்கூட்டியே சொன்னதைப் படிக்காதது, அல்லது படித்தும் மறைத்தது யார் தப்பு?

ஆரம்பத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்து இரண்டு நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்த பையனின் நம்பர் என்னிடம் இருந்தது. இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். "நானும் இன்னொரு பையனும் இன்டர்ன்ஷிப்னு ஆறு மாசம் சம்பளமில்லாம எழுதுனதுங்க்கா. வேற வேலை கிடைச்சதும் ரெண்டு பேரும் வந்துட்டோம். இப்ப அங்க அதைத் தொடத் தெரிஞ்சவங்க யாருமில்லை" என்றான். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் உழைப்பையும் சும்மா வாங்கி, நம்மிடம் லட்சக்கணக்கில் விற்றிருக்கிறார்கள்.

85,000 தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. அக்டோபர் 11 சனிக்கிழமை, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால். சாயங்காலம் நாலு மணிக்கு, சம்பளக் கணக்குப் போடும் அந்த சாப்ட்வேர் திரையில் "லைசென்ஸ் முடிந்தது" என்று வந்து நின்றது. வெளியே சம்பளத்துக்கு அறுபது பேர். போனஸும் அந்த வாரம்தான் பேச வேண்டும். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம். அதை எதன்மேல் போடுவது? ஒரு வருடச் சம்பாத்தியக் கணக்கு முழுக்க அந்த சாப்ட்வேருக்குள் இருக்கிறது. ஊருக்கு பஸ் டிக்கெட் போட்டுவிட்டு நின்ற தர்மபுரிக்காரப் பெண்ணொருத்தி, "அக்கா, இன்னைக்கு வருமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கையிலிருந்ததை எல்லோருக்கும் அட்வான்ஸாகக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவர்களுக்கு 40,000 ரூபாய் கட்டினேன். ஏழு நாள் திறந்துவிட்டார்கள். கணக்கை எக்செலில் எடுக்க வழியில்லை, பிடிஎப் மட்டும்தான். மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினோம்.

தீபாவளி முடிந்து வக்கீலிடம் போனோம். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, வெளியாள் எழுதித் தந்த சாப்ட்வேருக்கு எழுதியவர்தான் முதல் உரிமையாளர். நாம் முழுப் பணம் கொடுத்திருந்தாலும், உரிமையை மாற்றித் தருகிறேன் என்று கையெழுத்திட்ட எழுத்து இருந்தால்தான் நமக்கு வரும். அதிலும் எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்களிடம் இருந்தது கொட்டேஷனும் மூன்று ரசீதும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், வியாபாரத்துக்காக வாங்கியது என்று அங்கேயும் இடிக்கும் என்றார்.

நங்கையா மகள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். டொமைன் (இணைய முகவரி) அவர்கள் ஈமெயிலில். சர்வர் (சாப்ட்வேர் ஓடும் கம்ப்யூட்டர்) அவர்கள் கணக்கில். பேக்கப் போவது அவர்கள் டிரைவுக்கு. ஆப் அவர்கள் ப்ளே ஸ்டோர் கணக்கில். நாம் தனியாக ஒரு கணக்குத் திறக்க ஒரே ஒரு தடவை 25 டாலர்தான் ஆகும், அத்தை, என்றாள். 2,40,000 கொடுத்த எங்களுக்கு அந்த 25 டாலர் ஒரு பாரமா? யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

அதனால் நீங்கள் கேளுங்கள். டொமைனும் சர்வரும் உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் இருக்கட்டும், வேலை செய்யும் அளவுக்கு மட்டும் அவர்களுக்கு அனுமதி கொடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் சோர்ஸ் கோட் (சாப்ட்வேரின் மூல எழுத்து) உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறதா என்று விவரம் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். உரிமை மாற்றம் வருடக்கணக்கோடு பத்திரத்தில் இருக்கட்டும். முக்கியமாக, சனிக்கிழமை சம்பளம் போட்டதும் அந்த வாரக் கணக்கை எக்செலில் எடுத்துப் பென் டிரைவில் போட முடிய வேண்டும். டெமோவிலேயே அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இதை எழுதும் இன்றைக்கும் அந்த ஆப் எங்கள் கம்பெனிப் பெயரோடு, அவர்கள் கணக்கில் ப்ளே ஸ்டோரில்தான் இருக்கிறது. வேறு கணக்குக்கு மாற்ற அவர்கள்தான் மனு போட வேண்டும், போட மறுக்கிறார்கள். புதிதாகச் சேரும் டெய்லர்களிடம் அதை இறக்க வேண்டாம் என்று நானே வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.