சாரல் ஊர்ச் சமையலறைக்கு எது சரி: ட்ராக் லைட்டா, சீலிங்குக்குள் புதைக்கும் லைட்டா?

செங்கோட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு சமையலறைகள். கீழே பின்கட்டில் அத்தை புழங்குவது ஒன்று. அதில் ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, வட்ட எல்.இ.டி. லைட்டுகளைப் புதைத்து ஆறு வருடம் ஆகிறது. மாடியில் எங்களுக்காகக் கட்டியது மற்றொன்று. அங்கே ஃபால்ஸ் சீலிங் கிடையாது. கான்கிரீட் தளத்தில் நேராக ஒரு நீளப் பட்டையைத் திருகி, அதில் ‘ஹெட்’ என்கிற சிறு லைட்டுகளை மாட்டும் ட்ராக் லைட்தான். அதற்கு வயது இரண்டு. இரண்டு இடத்திலும் மாறி மாறிச் சமைக்கிறவள் நான். தென்காசி, புளியரைப் பக்கம் வீடு கட்டும் சொந்தக்காரர்கள் கேட்டால் ட்ராக் போடுங்கள் என்றே சொல்கிறேன்.

அழகைப் பற்றி வாதமே இல்லை. புதைத்த லைட்தான் அழகு. கூரை வழவழவென்று இருக்கும், கண்ணுக்கு எதுவும் தொங்காது. செலவும் வீட்டுக்கு வீடு மாறும். ஃபால்ஸ் சீலிங் எப்படியும் போடப்போகிறோம் என்றால் புதைக்கிற லைட் பெரிய செலவில்லை. லைட்டுக்காக மட்டுமே சீலிங் போடுவது என்றால் அறை முழுவதற்கும் சதுர அடிக் கணக்கில் கொடுக்க வேண்டும். ட்ராக்குக்கு ஒரே ஒரு மின் பாயின்ட் போதும்; மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

வெளிச்சம் விழுகிற இடத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சமையலறையில் நாம் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறோம். லைட் கூரையின் நடுவில் இருந்தால் அது நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வெங்காயம் நறுக்கும் இடத்தில் நம் நிழலே விழும். கீழ்ச் சமையலறையில் நடந்தது இதுதான். ஆறு லைட்டையும் கூரைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று சம இடைவெளியில் வைத்துவிட்டார்கள், மேடையை யாரும் அளக்கவில்லை. மீன் கழுவும்போது செதில் போயிற்றா என்று அத்தை இன்றும் விரலால் தடவித்தான் பார்க்கிறார்கள். போர்டில் வெட்டிய ஓட்டையை நகர்த்த முடியாது. ட்ராக்கில் ஹெட்டை இழுத்து, திருப்பி, சாய்த்துக்கொள்ளலாம். மாடியில் முதல் வாரத்திலேயே மூன்று தடவை நகர்த்திப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்தேன்.

ஆனாலும் என் முடிவுக்குக் காரணம் நிழல் இல்லை. சரியாக அளந்து வைத்தால் புதைத்த லைட்டிலும் நிழல் விழாது. காரணம் பராமரிப்பு. அதிலும் எங்கள் ஊர் மாதிரி இடத்தில் பராமரிப்பு.

ஆரியங்காவுக் கணவாய் வழியே வருகிற காற்று ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. அந்தப் பக்கத்து வழக்கப்படி பழைய வீடுகளில் ஓடும் மரமச்சும்தான். ஓட்டுக் கூரையில் நீர் ஒழுகினால் அன்றைக்கே தெரியும், உடைந்த ஓடு ஒன்றை மாற்றிவிடலாம். கான்கிரீட் தளத்தில் கசிவு மெதுவாக இறங்கும். அதற்கும் கீழே ஒரு போர்டை அடித்து மூடிவிட்டால் கசிவு எங்கே என்று கண்ணுக்கே தெரியாது.

நான்காம் வருடம் ஜூலையில் கீழே ஒரு லைட் மினுக்கத் தொடங்கி, இரண்டு நாளில் அணைந்தது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் கழற்றிப் பார்த்துவிட்டு, “லைட் நல்லாத்தான் இருக்குக்கா, ட்ரைவர் போயிட்டு” என்றார். எல்.இ.டி. பெரும்பாலும் இப்படித்தான். வெளிச்சம் தருகிற சில்லு பல வருடம் தாங்கும். அதற்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற ட்ரைவர்தான் முதலில் போகும். அதற்குள் இருக்கும் கெபாசிட்டருக்குச் சூடு ஆகாது. மூடிய சீலிங்குக்குள் சூடு வெளியேற வழியும் இல்லை. கடைக்குப் போனால் அந்த மாடல் நின்றுவிட்டது என்றார்கள். புதிதாக வந்த லைட்டின் விளிம்பு சிறியது, எங்கள் ஓட்டையில் நிற்காமல் விழுந்தது. இன்னொன்று நின்றது, ஆனால் அதன் வெள்ளை வேறு வெள்ளை. ஐந்து மஞ்சளுக்கு நடுவில் அது மட்டும் நீலமாகத் தெரிகிறது.

நியாயமாகச் சொன்னால் இதில் எங்கள் தவறும் உண்டு. வாங்கும்போதே இரண்டு லைட் கூடுதலாக வாங்கி வைத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

ஆனால் அதே மாதம் இன்னொரு லைட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் வந்ததே, அதற்கு என்ன முன்னேற்பாடு செய்வது? பின்கட்டுக்கு மேலே மொட்டைமாடி. அங்கே எப்போது விரிசல் விட்டது என்று யாருக்கும் தெரியாது. இறங்கின நீர் போர்டின் மேல் தேங்கி, லைட் ஓட்டை வழியாகச் சொட்டியபோதுதான் தெரிந்தது. மின்சாரம் ஓடுகிற இடம் வழியாகத் தண்ணீர். அன்றிரவு மெழுகுவர்த்தி வைத்துத்தான் தோசை சுட்டோம். நனைந்த ஜிப்சம் உப்பித் தொங்கியதால் நான்கு அடிக்கு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கசிவை அடைக்கக் கொத்தனார், போர்டு போட ஒருவர், லைட் மாட்ட எலெக்ட்ரீஷியன் என்று மூன்று ஆட்கள். போர்டு வேலைக்காரர் கேரளத்துப் புனலூர்க்காரர். ஓணம் முடிந்துதான் வந்தார். அதுவரை அந்த ஓட்டைக்குக் கீழே நின்றுதான் சமையல். ஈரம் தாங்கும் பச்சை நிற ஜிப்சம் போர்டு உண்டு, சமையலறைக்கு அதைத்தான் போட வேண்டும். ஆனால் அதுவும் காற்று ஈரத்தைத் தாங்கும். மேலே தேங்குகிற தண்ணீரைத் தாங்காது.

மாடிக்கு வருகிறேன். போன ஐப்பசியில் ஒரு பெரிய இடிக்குப் பிறகு ட்ராக்கில் ஒரு ஹெட் எரியவில்லை. மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, ஸ்டூலில் ஏறி, ஹெட்டைப் பிடித்திருக்கும் பூட்டைத் திருப்பிக் கழற்றி, அலமாரியில் இருந்த உபரியை மாட்டினேன். யாரையும் கூப்பிடவில்லை. தளத்தில் கசிவு வந்தாலும் அன்றே கண்ணில் படும்.

ட்ராக்கின் குறை பிசுக்கு. தேங்காய் எண்ணெயில் தாளிக்கிற வீடு எங்களுடையது. சிம்னி இருந்தும் ஹெட்டின் முதுகில் இரண்டு மாதத்தில் மஞ்சளாக ஒரு படலம் ஒட்டிவிடுகிறது. ஈசல் காலத்தில் இறகுகளும் அதில் ஒட்டும். புதைத்த லைட்டுக்கு முகத்தை மட்டும் துடைத்தால் போதும். ட்ராக்கைத் துடைக்கும்போது மெயினை அணைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் பட்டையின் பள்ளத்துக்குள் செம்புக் கம்பியில் 230 வோல்ட் ஓடுகிறது. உலர்ந்த துணிதான், ஈரத்துணி கூடவே கூடாது. இந்த ஈரத்தில் அந்தக் கம்பி பத்து வருடம் களிம்பு ஏறாமல் இருக்குமா என்பதை இரண்டு வருட அனுபவத்தை வைத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இதுவரை ஒரு மினுக்கலும் இல்லை.

உங்கள் சமையலறைக்கு மேலே இன்னொரு மாடி இருந்து, அங்கே நேர் மேலே குளியலறையும் இல்லையென்றால், கசிவுப் பயம் குறைவு. புதைத்த லைட்டை நான் மறுக்கமாட்டேன். கூரை ஒன்பது அடிக்குக் கீழே இருந்தாலும் ட்ராக் ஹெட் கண்ணில் குத்தும். மேடைக்கு மேலே இரண்டடி அகல கான்கிரீட் லாஃப்ட் இருக்கிற வீடுகளில் இரண்டுமே உதவாது. லாஃப்ட்டுக்கு அடியில் ஒரு பட்டை லைட்தான் போட வேண்டும்.

ட்ராக் என்று முடிவு செய்தால், மேடையின் முன் விளிம்புக்கு நேர் மேலே, அதாவது சுவரிலிருந்து ஏறத்தாழ இரண்டடியில் கோடு போடச் சொல்லுங்கள். அப்போதுதான் வெளிச்சம் நம் தலைக்கு முன்னால் விழும். ஹெட்டின் வெளிச்சம் 36 டிகிரிக்குக் குறையாமல் விரிகிறதா, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவான சி.ஆர்.ஐ. 90 இருக்கிறதா என்று பாருங்கள். மீனின் செவுள் நிறமும் மிளகாய்ப் பொடியின் நிறமும் அதில்தான் சரியாகத் தெரியும். 4000 கெல்வின் வெள்ளை, அதாவது மஞ்சளும் நீலமும் தூக்கலாக இல்லாத நடுத்தர வெள்ளை, எங்களுக்குப் பிடித்திருக்கிறது. எல்லாக் கம்பெனி ஹெட்டும் எல்லா ட்ராக்கிலும் பொருந்தாது, அதனால் உபரி ஹெட் இரண்டை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மின்சாரம் நுழைகிற முனை ஸிங்க் பக்கமோ அடுப்புக்கு மேலேயோ வராமல் கதவுப் பக்கச் சுவரிலிருந்து தொடங்கட்டும். இதைத் தளம் பூசுவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும்.