வி.ஏ. டிஸபிலிட்டி க்ளெய்ம்: கவுண்டி ஆபீஸுக்கு அஞ்சு ஸ்டார், எக்ஸாம் க்ளினிக்குக்கு ஒண்ணரை

மாவ்னி வழியா அமெரிக்க ஆர்மில சேந்த நம்ம ஆளுங்க இத படிப்பீங்கன்னு நம்பி எழுதறேன், மத்தவங்க நேரா கடைசிப் பக்கம் போய் வீட்டு லோன் மேட்டர மட்டும் படிச்சுக்கங்க. தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: 2009-ல ஆரம்பிச்ச திட்டம், க்ரீன் கார்டு இல்லாம ஸ்டூடண்ட் விசால இருந்தவங்களக் கூட, லிஸ்ட்ல இருக்கற மொழி தெரிஞ்சா ஆர்மில எடுத்துக்கிட்டு சீக்கிரமா சிட்டிசன்ஷிப் குடுத்தாங்க, அந்த லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, 2016-ல புது ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க. தமிழ் தெரியும்னு எடுத்தாங்களே தவிர எனக்குக் குடுத்தது லாரி. 88 எம், அதாவது ட்ரக் ட்ரைவர் வேலை, மிசௌரில ஃபோர்ட் லெனர்ட் உட்ல ட்ரெய்னிங். இருந்த வரைக்கும் ஒரு மனுஷன் கூட எங்கிட்ட தமிழ்ல எதையும் மொழிபெயர்க்கச் சொல்லல, அது தனிக் கத.

லாரி, ஜெனரேட்டர், முதுகுல மூட்டயோட 12 மைல் நடை, இதெல்லாம் சேந்து இடுப்பு, வலது முட்டி, அப்புறம் காதுல எப்பவும் ஒரு ரீங்காரம். இதுக்குத்தான் வி.ஏ.ல, அதாவது படைல இருந்துட்டு வந்தவங்கள கவனிக்கற அமெரிக்க அரசுத் துறைல, க்ளெய்ம் போட்டேன். வேலைக்குப் போய்ட்டு நல்லா சம்பாதிக்கறவன் இதெல்லாம் கேக்கலாமான்னு நிறைய பேருக்கு சந்தேகம் இருக்கு. கேக்கலாம். இது வருமானம் பாத்து குடுக்கற உதவி இல்ல, சர்வீஸ்ல உடம்புக்கு ஆனதுக்கு ஈடு, டாக்ஸும் கிடையாது. அம்மாகிட்ட சொன்னப்பதான் "கை கால் நல்லாத்தானடா இருக்கு, ஏன்டா நீயே ஊனம்னு எழுதிக் குடுக்கற, நாளைக்கு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது"ன்னு ஒரு பாடு பாடுனாங்க.

சரி, ரிவ்யூவுக்கு வரேன்.

முதல்ல கவுண்டி ஆபீஸ். நான் இருக்கறது டெக்ஸாஸ், இங்க பெரிய கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எல்லாத்துலயும் வெட்டரன் சர்வீஸ் ஆபீசர்னு ஒருத்தர் இருப்பாரு, வெட்டரன்னா படைல இருந்துட்டு வந்தவங்க, க்ளெய்ம் எழுத உதவறதுதான் அவரு வேலையே, ஒரு பைசா வாங்க மாட்டாங்க. கவுண்டில ஆள் இல்லன்னா டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. மாதிரி வெட்டரன் சங்கங்கள்ல அக்ரெடிட்டேஷன், அதாவது க்ளெய்ம் எழுத உதவ வி.ஏ. அனுமதி, வாங்குன ஆளுங்க இருக்காங்க, அவங்களும் ஃப்ரீதான். எனக்குக் கிடைச்சவரு வயசான மரீன், மேஜை பூரா ஃபைலு, கம்ப்யூட்டர்ல ரெண்டு விரல்ல டைப் பண்றாரு, பாத்த உடனே இவரு என்னத்த கிழிக்கப் போறாருன்னுதான் தோணுச்சு. கிழிச்சாரு. உக்காந்த உடனே வேற எதையும் பேசாம முதல்ல இன்டென்ட் டு ஃபைல் போட்டுட்டாரு. இது என்னன்னா, க்ளெய்ம் இன்னும் ரெடி ஆகல, ஆனா போடப் போறேன்னு தேதிய பதிவு பண்ணி வெக்கறது, அதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள முழு ஃபாரம் குடுத்துட்டா, ஜெயிச்ச அப்புறம் பணம் அந்தப் பழைய தேதில இருந்து கணக்காகும். ரெக்கார்டு தேடறேன் டாக்டர பாக்கறேன்னு ஆறேழு மாசம் போனாலும் அந்தப் பணம் போகாது. இந்த ஒண்ணுக்கே அஞ்சு ஸ்டார்.

அப்புறம் என் சர்வீஸ் மெடிக்கல் ரெக்கார்ட ஒரு பக்கம் விடாம பொரட்டுனாரு. சிக் கால், அதாவது உடம்பு சரியில்லன்னு ஆர்மி க்ளினிக்குக்குப் போனா, என்ன வலின்னாலும் மோட்ரின் 800-னு வலி மாத்திர குடுத்து அனுப்பிடுவாங்கன்னு ஆர்மில இருந்தவங்களுக்குத் தெரியும், அந்த மோட்ரின் சீட்டுதான் இப்ப சாட்சி. மூணு விஷயம் வேணும்னாரு: இப்ப ஒரு டாக்டர் பேர் சொல்ற அளவுக்கு நோய் இருக்கணும், சர்வீஸ்ல ஏதோ நடந்திருக்கணும், இது அதனாலதான்னு ரெண்டையும் முடிச்சுப் போடற மருத்துவ அபிப்பிராயம் இருக்கணும். நூத்துக்கு நூறு நிரூபிக்கத் தேவயில்ல, அதனால வந்திருக்க சரிபாதி வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் எழுதுனாலே போதும், தராசு சமமா நின்னா வெட்டரன் பக்கம் சாய்க்கணும்ங்கறதுதான் சட்டம். கோர்ட்டு கேஸ் மாதிரி நெனச்சு பயந்துட்டு இருந்தவனுக்கு இது பெரிய நிம்மதி.

அவரு சொன்னதுல ரொம்பப் பிரயோஜனமானது, வலிக்குதுன்னு எழுதாத, என்ன செய்ய முடியலன்னு எழுதுங்கறதுதான். நான் இடுப்பு வலி, முட்டி வலின்னு எழுதிட்டுப் போன பேப்பர ஓரமா வெச்சுட்டு, வீட்ல முன்னாடி செஞ்சது இப்ப எது செய்ய மாட்டேங்கறன்னு கேட்டாரு. யோசிச்சுப் பாத்தா, தரைல சம்மணம் போட்டு அஞ்சு நிமிஷம் உக்கார முடியல, கோயில்ல அர்ச்சனை முடியற வரைக்கும் தூண்ல சாஞ்சுதான் நிக்கறேன், பொண்ண தூக்கிட்டு மாடி ஏற மாட்டேன், ஏர்போர்ட் க்யூல நின்னா அடுத்த நாள் படுக்கைதான். தரைல உக்காந்து சாப்பிடறதெல்லாம் இவருக்கு எதுக்குன்னு தயங்குனேன், "அதத்தான் எழுது, உன் வாழ்க்கைல நடக்கறத எழுது"ன்னு சொல்லி அப்படியே ஸ்டேட்மென்ட்ல போட வெச்சாரு. கூட லாரி ஓட்டுன பையன் ஒருத்தன் நடந்தத நேர்ல பாத்தவன், அவன்கிட்ட இருந்தும் ஒரு சாட்சிக் கடிதம் வாங்கச் சொன்னாரு, அதுக்குன்னே 21-10210-னு ஃபாரம் இருக்கு. மெயின் ஃபாரம் 21-526 ஈஸி. பேர்லதான் ஈஸி.

நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு, பேர் மேட்டர். பாஸ்போர்ட்ல இனிஷியல், சர்நேம் இடத்துல அப்பா பேரு, சில பேருக்கு ஃபர்ஸ்ட் நேம் இடத்துல எஃப்.என்.யூ.ன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்) வந்திருக்கும், சிட்டிசன் ஆனப்ப பேர மாத்திருப்பீங்க, ஆனா டிடி-214-ல, அதாவது சர்வீஸ் முடிச்சு வெளிய வர்றப்ப குடுக்கற சர்டிஃபிகேட்ல, பழைய பேரே இருக்கும். அத முன்னாடியே ஆபீசர்கிட்ட காமிச்சிருங்க, ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு ஆன்லைன்ல ஐடென்டிட்டி வெரிஃபை பண்றதே பெரும்பாடா ஆயிருச்சு.

வெப்சைட்டுக்கு நாலு ஸ்டார். வி.ஏ. டாட் கவ்ல லாகின் டாட் கவ் இல்லாட்டி ஐடி டாட் மீ வெச்சு உள்ள போய் நீங்களே கூட போட்டுக்கலாம், டாக்குமென்ட் அப்லோட் எல்லாம் சுலபம், டிசிஷன் லெட்டர் வந்தா அங்கயே டவுன்லோட். ஒரு ஸ்டார் குறைச்சது அந்த ஸ்டேட்டஸ் காட்டற பாருக்கு. எவிடென்ஸ் கேதரிங், ரிவ்யூ, ரேட்டிங்னு முன்னாடி போகும், திடீர்னு ஒரு நாள் மறுபடி எவிடென்ஸ் கேதரிங்ல நிக்கும். கேன்சல் ஆயிருச்சோன்னு பதறாதீங்க, யாரோ இன்னொரு பேப்பர் கேட்டிருக்காங்கன்னு அர்த்தம், அவ்ளோதான். தினம் காலைல காப்பியோட அதயே பாத்துட்டு உக்காந்தா ப்ரஷர்தான் ஏறும்.

இப்ப எக்ஸாம். க்ளெய்ம் போட்டவங்க உடம்ப வி.ஏ.க்காக ஒரு டாக்டர் பாத்து ரிப்போர்ட் எழுதறது, சி அண்ட் பி எக்ஸாம்னு சொல்வாங்க, பெரும்பாலும் வி.ஏ. ஆஸ்பத்திரில கிடையாது, வெளி கான்ட்ராக்ட் கம்பெனிக்குத்தான் அனுப்பறாங்க. எனக்கு வந்தது ஒரு ஸ்ட்ரிப் மால்ல, ஒரு பக்கம் டோனட் கடை, இன்னொரு பக்கம் டாக்ஸ் ஆபீஸ். எந்தக் கம்பெனின்னு இங்க போடல. அந்த டாக்டர் வைத்தியம் பாக்கறதுக்கு இல்ல, அளந்து எழுதறதுக்கு மட்டும், இது தெரியாம மருந்து கேட்டு ஏமாறாதீங்க. குனியச் சொல்லி கோணமானி வெச்சு எத்தன டிகிரின்னு குறிப்பாங்க. அந்த டிகிரிய வெச்சுத்தான் ஊனம் எத்தன சதவீதம்னு ரேட்டிங் போடுவாங்க, அந்த ரேட்டிங்தான் மாசா மாசம் வர்ற காசு: இடுப்பு முன்பக்கமா 60-க்கு மேல 85 வரைக்கும் குனிய முடிஞ்சா 10 சதவீதம், 30-க்கு மேல 60 வரைக்கும்னா 20, 30-ஐத் தாண்டலன்னா 40. நான் போன நாள் உடம்பு நல்லா இருந்த நாள், எழுபது சொச்சம் வந்துச்சு. வலி கிளம்பற நாள்ல எவ்ளோ குனிய முடியும்னு கேக்கணும், வெட்டரன் சொல்றத வெச்சு உத்தேசமா டிகிரி போடப் பாக்கணும்னு 2017-ல ஷார்ப் வழக்குல கோர்ட்டே சொல்லிருக்கு. அந்த டாக்டரம்மா கேக்கவேயில்ல. நானா ஆரம்பிச்சப்ப "ஓகே ஓகே"ன்னு டைப் பண்ணிட்டே இருந்தாங்க, பின்னாடி ரிப்போர்ட் வாங்கிப் பாத்தா ஃப்ளேர் அப் (வலி கிளம்பறது) இல்லன்னு டிக்! நம்ம பழக்கமும் ஒண்ணு இருக்கு, உள்ள நுழைஞ்சதும் எப்டி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிருவோம், அதுவும் ஏறும் அந்த ரிப்போர்ட்ல, ஜாக்கிரத. ஒண்ணரை ஸ்டார் கூட மைலேஜ் காசு கரெக்டா அனுப்பி வெச்சதுக்கு.

விளைவு, இடுப்புக்கு 10, முட்டிக்கு 10, காதுக்கு 10. காதுக்கு அதுக்கு மேல கிடையாது, ஒரு காதோ ரெண்டு காதோ டின்னிட்டஸ்னா 10-தான்.

கூட்டற கணக்கு வேற மாதிரி, நம்ம ஊர் ஆடித் தள்ளுபடில 50 சதவீதம் போக மீதில 30 சதவீதம்னு போர்டு வெப்பானே அது மாதிரிதான், 50-உம் 30-உம் சேந்தா 80 ஆகாது, 65 ஆகி 70-னு ரவுண்ட் ஆகும். எனக்கு மூணு பத்து 27 ஆகி 30-ல நின்னுச்சு.

மரீன் தாத்தா ரிப்போர்ட்ட படிச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு. முடிவு பிடிக்கலன்னா ஒரு வருஷத்துக்குள்ள மூணு வழி இருக்கு, 2019-ல இருந்து வந்த முறை: புது ஆதாரத்தோட சப்ளிமென்டல் க்ளெய்ம், புது ஆதாரம் எதுவும் இல்லாம சீனியர் ஆள பாக்கச் சொல்ற ஹையர் லெவல் ரிவ்யூ, இல்ல நேரா போர்டு அப்பீல். எனக்கு அவரு எடுத்தது ரெண்டாவது, ஏன்னா நான் வலி நாள பத்தி எழுதுன ஸ்டேட்மென்ட் ஏற்கனவே ஃபைல்ல இருக்கு, எக்ஸாம் பண்ணவங்கதான் கண்டுக்கல, அது அவங்க பக்கத்துக் கோளாறு. சரியாவே போச்சு, எக்ஸாம் பத்தலன்னு மறுபடி வேற க்ளினிக்குக்கு அனுப்புனாங்க, இந்தத் தடவ டாக்டர் பொறுமையா உக்காந்து கேட்டு எழுதுனாரு, இடுப்பு 20 ஆச்சு, மொத்தம் 40. பழைய தேதில இருந்தே வித்தியாசப் பணமும் வந்துச்சு. 2025 ரேட்ல தனி ஆளுக்கு 30 சதவீதம்னா மாசம் 537.42 டாலர், 40-னா 774.16. 30-ல இருந்து மனைவி குழந்தைங்களுக்கும் சேத்து கொஞ்சம் கூடும், அவங்க பேர மறக்காம சேத்துருங்க.

இப்ப காசுக்கு க்ளெய்ம் போட்டுத் தர்ற கம்பெனிக்காரங்க. ஃபேஸ்புக்ல விளம்பரம் வந்துட்டே இருக்கும், ரேட்டிங் ஏத்தித் தரோம், ஜெயிச்சாத்தான் காசுன்னு. எனக்கும் ஃபோன் மேல ஃபோன். வழக்கமா கேக்கறது மாசா மாசம் கூடற தொகைல அஞ்சு மடங்கு, ஆறு மடங்கு. என் கணக்குக்கே அஞ்சு மடங்குன்னா கிட்டத்தட்ட 3,870 டாலர், அந்த மரீன் ஃப்ரீயா செஞ்ச வேலைக்கு! முதல் க்ளெய்ம் தயார் பண்ணித் தர யாருமே காசு வாங்கக்கூடாதுங்கறதுதான் ஃபெடரல் சட்டம், வக்கீல் கூட முதல் முடிவு வந்த அப்புறம்தான் ஃபீஸ் வாங்கலாம். ஆனா மீறுனா குற்றம்னு தண்டிக்கற பிரிவ 2006-ல எடுத்துட்டாங்க, அதனால கன்சல்டிங்னு பேர் மாத்திக்கிட்டு தைரியமா கடை விரிக்கறாங்க. சில இடத்துல உங்க லாகின் பாஸ்வேர்டே கேப்பாங்க, குடுத்துராதீங்க சாமி. ஒருத்தர் அக்ரெடிட்டேஷன் வாங்குனவரா இல்லையான்னு வி.ஏ. சைட்லயே பேர் போட்டுத் தேடலாம்.

லோன் மேட்டருக்காக இது வரைக்கும் தாண்டித் தாண்டி வந்தவங்களுக்கு: டிஸபிலிட்டி காசு 10 சதவீதத்துக்கு வந்தாலே போதும், வி.ஏ. ஹோம் லோன்ல ஃபண்டிங் ஃபீ, அதாவது லோன் எடுக்கறப்ப வி.ஏ.க்கு ஒரு தடவ கட்டற கட்டணம், கிடையாது. டவுன் பேமென்ட் இல்லாம முதல் தடவ வாங்கறவங்களுக்கு அது 2.15 சதவீதம், 4 லட்சம் டாலர் வீடுன்னா 8,600 டாலர் மிச்சம். டெக்ஸாஸ்ல ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கணக்குலயும் வீட்டு மதிப்புல 30-ல இருந்து 49 சதவீதக்காரங்களுக்கு 7,500 கழிப்பாங்க, 100 சதவீதம்னா இருக்கற வீட்டுக்கு வரியே கிடையாது. ரேட்டிங் 0-னு வந்தாக்கூட சும்மா இல்ல, சர்வீஸ்னால வந்ததுன்னு ஒத்துக்கிட்டாச்சு, பின்னாடி மோசமானா ஏத்தச் சொல்லிக் கேக்கலாம். ஊர்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்து வந்த மாமா கேட்டுட்டு வாயப் பொளந்தாரு, அங்க டிஸபிலிட்டி பென்ஷனுக்கு குறைஞ்சது 20 சதவீதமாச்சும் வேணும்.

இன்னும் சர்வீஸ்ல இருக்கறவங்க வெளிய வர்றதுக்கு 180-ல இருந்து 90 நாளுக்கு முன்னாடியே க்ளெய்ம் போட்ருங்க, பி.டி.டி.ன்னு அதுக்குத் தனி வழி இருக்கு. வெளிய வந்தவங்களும் ஒரு வருஷத்துக்குள்ள போட்டா வெளிய வந்த மறுநாள்ல இருந்தே கணக்கு. வருஷம் தாண்டிருச்சுன்னா போடக்கூடாதுன்னு இல்ல, எப்ப வேணா போடலாம், பழைய தேதி மட்டும் கிடைக்காது.

வலது முட்டிய காப்பாத்தப் போய் இடது முட்டி இப்ப பேச ஆரம்பிச்சிருக்கு, அத செகண்டரின்னு போடலாம்னு தாத்தாவே சொல்லி இன்டென்ட் டு ஃபைல் போட்டு வெச்சிருக்காரு. எங்க கவுண்டி ஆபீஸுக்குப் போறவங்க ஃபோன்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுப் போங்க, டிடி-214 காப்பி கைல இருக்கட்டும், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல போனா அவரு இருக்க மாட்டாரு.