போர்வை விற்பவரைப் படுத்தும் பரிமாண எடை: ஓர் இணையச் சந்தை அனுபவம்

சென்னிமலையில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இணையச் சந்தையில் போர்வை விற்றால் கையில் எவ்வளவு நிற்கும் என்று கேட்டிருந்தார். சில ஆண்டுகளாகத் துண்டும் போர்வையும் அங்கே விற்றுவருகிறேன். கமிஷன் விகிதத்தை மட்டும் பார்த்து இறங்கிவிட வேண்டாம் என்பதே அவருக்கு நான் முதலில் சொல்வது. கமிஷன், ஆர்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணம், கூரியர் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, அந்தத் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மீதி நம் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

வரிப் பிடித்தங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டியைப் பதிவு பெற்ற வியாபாரி உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனைத் தொகையில் ஜிஎஸ்டிக்காகச் சந்தை பிடிக்கும் டிசிஎஸ் 2024 ஜூலையில் 1 சதவீதத்திலிருந்து 0.5 ஆகவும், வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் அதே ஆண்டு அக்டோபரில் 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆகவும் குறைந்துவிட்டதால், 600 ரூபாய்ப் போர்வை ஒன்றுக்கு இரண்டும் சேர்ந்து 4 ரூபாயைத் தாண்டாது. அதுவும் ஜிஎஸ்டி ரொக்கப் பேரேட்டிலும் வருமான வரிக் கணக்கிலும் நம் பெயரில் வரவாகிவிடும்.

எனக்குத் தீராத எரிச்சலைத் தருவது பரிமாண எடைதான். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோவில் வரும் எண், தராசு காட்டும் எடையை விட அதிகமானால் அதற்கே கட்டணம். 900 கிராம் போர்வையை 35, 25, 5 என்ற அளவில் அழுத்திக் கட்டினால் பரிமாண எடை 875 கிராம்தான் வருகிறது. தராசு எடையான 900 கிராமுக்கு ஒரு கிலோ கட்டணத்தோடு முடிந்துவிடும். அதே பொட்டலம் வழியில் காற்றுப் புகுந்து 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு உப்பியிருக்கும்போது கிடங்கில் அளந்தால் 1.4 கிலோ ஆகிறது. கட்டணம் ஒன்றரைக் கிலோவுக்கு ஏறிவிடுகிறது. பஞ்சும் நூலும் உப்பக்கூடியவை என்பது நெசவுத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதானே! இந்தக் கூடுதல் தொகை அந்த ஆர்டரின் செட்டில்மெண்டில் காட்டப்படாமல், வாரங்கள் கழித்து வேறொரு பணப் பட்டுவாடாவில், ஆர்டர் எண்ணை மட்டும் தாங்கிய ஒற்றை வரியாகப் பிடிக்கப்படுகிறது. புகார் அளித்தால் பொட்டலத்தின் படத்தை அனுப்பச் சொல்கிறார்களே தவிர, அவர்கள் அளந்தபோது எடுத்த படத்தைக் காட்டுவதில்லை.

இத்தனைக்கும், பணப் பட்டுவாடா சொன்ன நாளில் தவறாமல் வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் கடன் சொல்லும் கடைக்காரர்களோடு பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது புரியும். வெளிமாநில வாடிக்கையாளர்களையும் இந்தச் சந்தைதான் எனக்குத் தேடித் தந்தது. ஆனாலும் போர்வை விற்க நண்பரை இங்கே அழைக்க எனக்கு மனம் வரவில்லை. துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, என் போர்வைகள் அனைத்தையும் அடுத்த மாதத்துக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போகிறேன்.