ஸ்மார்ட் ஃபிலிம் ஒட்டி நாலு வருஷம்: சேலத்தில் ஒரு கண்ணாடி, ஏற்காட்டில் ஒரு கண்ணாடி

சேலம் அழகாபுரத்தில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். சிகிச்சை அறைக்கும் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே ஏழடி உயரம், நாலடி அகலத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. முதலில் அதற்குத் திரைதான் போட்டிருந்தோம். முதுகு வலிக்கு வரும் பெண்கள், ஃபேன் காற்றில் திரை விலகிவிடுமோ என்று படுத்தபடியே அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடம்பை அப்படி இறுக்கி வைத்திருந்தால் நான் கை வைத்து என்ன பலன்? அதனால்தான் ஸ்மார்ட் ஃபிலிம் பக்கம் போனேன். சுவிட்சைப் போட்டால் கண்ணாடி தெளியும், அணைத்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். கரண்ட் போனாலும் வெளுத்துத்தான் நிற்கும் என்பது எங்களுக்கு ரொம்ப வசதி.

நாலு வருஷத்தில் இரண்டு தடவை ஒட்டியாகிவிட்டது. முதலில் ஒட்டியது பதினோரு மாதத்தில் கெட்டது. இரண்டாவது மூன்று வருஷமாக நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே ரகம், ஒரே கடையில் வாங்கியது. ஒட்டிய விதம் மட்டும்தான் வேறு.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது புரியும். இரண்டு பிளாஸ்டிக் தாள்கள். அவற்றின் உள்பக்கத்தில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற, மின்சாரம் கடத்தும் பூச்சு. நடுவே பாலிமருக்குள் பொடிப்பொடியாகத் திரவப் படிகத் துளிகள். மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு திசையைப் பார்ப்பதால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி ஒளிக்கு வழிவிடுகின்றன. பசையை விட்டுப் பார்த்தால் மொத்தத் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட வராது. வெட்டிய ஓரத்தில் இந்த அடுக்குகள் மூடி எதுவும் இல்லாமல் அப்படியே திறந்து கிடக்கும். எனக்கு வந்த பெரிய தொல்லை அந்த ஓரத்தில்தான் ஆரம்பித்தது.

முதல் தடவை ஒட்ட வந்த தம்பி கார்களுக்கு சன் ஃபிலிம் ஒட்டுகிறவர். கைவேலை சுத்தம். ஆனால் காருக்குச் செய்வது போலவே ஷாம்பு கலந்த தண்ணீரைக் கண்ணாடியில் தெளித்து, ஃபிலிமை மிதக்கவிட்டு, ரப்பரால் தள்ளினார். சன் ஃபிலிமுக்கு அது சரியான முறை. இதற்கு இல்லை. உள்ளே மாட்டிய தண்ணீர் ஓரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அந்த ஓரத்தில்தான் கரண்ட் கொடுக்கும் காப்பர் டேப்பும் இருக்கிறது. வேலை முடிந்ததும் நாலு பக்கமும் சிலிக்கான் வைத்தார். அறை முழுக்க வினிகர் வாசனை. அந்த வாசனைக்கு அர்த்தம் அன்று எனக்குத் தெரியவில்லை. சாதாரண சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். அது ஓரத்தில் இருக்கும் பூச்சையும் காப்பரையும் அரிக்கும். வாசனை வராத நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ரவையைவிடச் சின்னதாக ஒரு தூசி. அது ஃபிலிமைக் கூடாரம் மாதிரி தூக்கி நிறுத்த, சுற்றிலும் மிளகு அளவுக்கு ஒரு காற்று வளையம். அதைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன். ஐப்பசி மழை முடிந்து கார்த்திகை பிறந்தபோது கீழ் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு, சுவிட்சைப் போட்டாலும் வெள்ளை மாறவில்லை. மாதக் கடைசிக்குள் அது மேலேயும் பரவியது. உரித்துப் போட்டோம்.

இரண்டாவது தடவை வந்தவர் கடைகளுக்குக் கண்ணாடித் தடுப்பு போடுகிற அண்ணன் ஒருவர். வந்ததும் ஃபிலிமை ஒட்டவில்லை. மேசைமேல் விரித்து, கரண்ட் கொடுத்து, தெளியாத இடம் இருக்கிறதா என்று முழுக்கப் பார்த்தார். ஒட்டியபின் குறை தெரிந்தால் கடைக்காரர் ஒட்டியவரைச் சொல்வார், ஒட்டியவர் கடைக்காரரைச் சொல்வார். அதனால் இந்தச் சோதனையை நம் கண்ணெதிரே செய்யச் சொல்வது நல்லது.

முந்தின நாளே அறையில் இருந்த திரை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். பஞ்சு உதிர்கிற எதுவும் இருக்கக் கூடாது. ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்து, தரையை ஈரத் துணியால் துடைத்தோம். கண்ணாடியை பிளேடால் சுரண்டி, நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தார். நேராகப் பார்த்தபோது பளிச்சென்று இருந்த கண்ணாடியில் அப்போது நூற்றுக்கணக்கில் புள்ளிகள் மின்னின! திரும்பவும் துடைத்தார். மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தி.

பசைமேல் இருக்கும் காப்புத் தாளை உரிக்கும்போது சடசடவென்று சத்தம் வரும். நிலைமின்சாரம். "தூசி தானா வர்றதில்லைங்க மேடம், வேகமா உரிச்சா நாமதான் இழுக்கறோம்" என்றார். மேலே ஒரு சாண் அளவு மட்டும் உரித்து, தண்ணீர் இல்லாமல் ஒட்டி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தள்ளி, அப்புறம் அடுத்த சாண். கீழே அவருடைய பையன் ஃபிலிமைச் சுருளாகவே தாங்கிப் பிடித்திருந்தான். மடங்கவிட்டால் உள்ளிருக்கும் பூச்சு அப்பளம் மாதிரி நொறுங்கும். பிறை வடிவில் ஒரு கோடு விழும், அதை எடுக்கவே முடியாது. ஃபிலிமைச் சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டியிருந்தார். அதனால் ஓரம் எங்கும் இடிக்கவில்லை, சிலிக்கான் உட்காரவும் இடம் இருந்தது.

இத்தனைக்கும் பிறகு இடது கீழ் மூலையில் ஒரே ஒரு குமிழ் உண்டு, கடுகு அளவு. மூன்று வருஷமாக அது வளரவில்லை.

ஏற்காடு கதை வேறு. என் சொந்தத் தம்பி அங்கே ஹோம்ஸ்டே நடத்துகிறான். குளியலறைக் கண்ணாடிக்கு இதையே கேட்டான். சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள்ளேயே வரும், காலையில் கண்ணாடி பூராவும் கண்ணுக்குத் தெரியாத ஈரம். அதோடு குளியலறை வேறு. அங்கே ஒட்டுகிற ஃபிலிம் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஃபிலிமை வைத்து இ.வி.ஏ. என்ற, சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் தாளோடு சூடேற்றி ஒட்டும் லேமினேட் கண்ணாடி வாங்கினோம். இதில் ஃபிலிம் கண்ணாடியைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். உருகிய இ.வி.ஏ. சுற்றிலும் நிறைந்து ஓரத்தை மூடிவிடும். விலை அதிகம்தான், குளியலறைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் வந்த கண்ணாடியில் ஒரு மூலையில் மேகம் படிந்த மாதிரி நிழல் இருந்தது. சூடோ அழுத்தமோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழவில்லை என்று பட்டறையிலேயே ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தார்கள். அடுத்ததை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, பின்னால் கறுப்புத் துணி பிடித்து, சுவிட்சைப் போட்டும் அணைத்தும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, ஓரத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

குறை என்று நினைத்து நான் பயந்த சில விஷயங்கள் குறையே இல்லை. சுவிட்ச் போட்டிருக்கும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் லேசான புகைமூட்டம் தெரியும். அந்தத் துளிகளின் இயல்பு அது. வெளுத்திருக்கும்போது கண்ணாடியை ஒட்டி யாராவது நின்றால் இரவில் நிழல் தெரியும், அதனால் கட்டிலை மூன்றடி தள்ளிப் போட்டிருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் மெல்லிய ரீங்காரம் கேட்கும். பெட்டியை மாற்ற வேண்டி வந்தால் ஃபிலிமோடு வந்த அதே அளவு ஏசி வோல்டேஜ் தருவதையே வாங்குங்கள். டிசி கொடுத்தால் ஃபிலிம் சீக்கிரம் கெட்டுவிடும்.

சுத்தம் செய்ய வரும் அக்காவிடம் ஒன்றே ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: கண்ணாடிமேல் எதையும் ஸ்ப்ரே செய்யக் கூடாது, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும், ஓரத்தைத் தொட வேண்டாம். இப்போது பக்கத்து அறைக் கண்ணாடிக்கும் அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்த அறைத் திரைகளைக் கழற்றி ஒரு தடவை சுவர் துடைத்து வைக்க வேண்டும்.