முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடுமா? என் வகுப்பில் நிலைத்த சில இணையக் கருவிகள்

ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடரிணைப்பு. "எது அதிக வெளிச்சமாக எரியும்?" என்று கேட்டேன். 38 பேரில் 20 பேர் முதல் பல்பு என்றார்கள். முதல் பல்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்பும் என்று ஒரு மாணவி எழுந்து நின்று தெளிவாக விளக்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஓம் விதிக் கணக்குகளில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இவர்கள். பாடம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த வகுப்பு அது.

அன்றிலிருந்து ஒரு இணையக் கருவியை நான் எடைபோடும் விதமே மாறிவிட்டது. படம் அழகாக இருக்கிறதா, சத்தம் வருகிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பிள்ளை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது அதன் வழியாக எனக்குத் தெரிகிறதா? அந்த நினைப்பைப் பிள்ளையே சோதித்துப் பார்க்க அதில் வழி இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வைத்துக்கொள்கிறேன். நான் அறிவியலும் கணக்கும் நடத்துகிறேன். கையில் இருப்பது ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், என் மொபைல், அவ்வப்போது அறுந்துபோகும் இணையம். பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஆளுக்கொரு டேப்லெட் இருக்கும் வகுப்புக்கு என் கணக்கு ஒத்துவராது.

முதலிடம் ஃபெட் சிமுலேஷன்களுக்கு, அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிகளுக்கு. 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. இயற்பியலில் ஆரம்பித்து இப்போது வேதியியல், கணக்கு, உயிரியல் வரை வந்துவிட்டது. கட்டணம் இல்லை, மாணவர் லாகின் செய்யத் தேவையும் இல்லை. பல மொழிகளில் மொழிபெயர்ப்பும் உண்டு. நான் அதிகம் திறப்பது நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் பகுதியை. பெட்டியிலிருந்து வயர், மின்கலம், பல்பு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு நாமே சுற்றைக் கட்டலாம். சுற்று மூடியதும் வயருக்குள் நீல நிற எலக்ட்ரான்கள் நகர ஆரம்பிக்கும்.

அந்தப் பல்புக் கேள்விக்கு மறுநாள் இதைத்தான் திரையில் போட்டேன். ஸ்விட்சைப் போடுவதற்கு முன் எல்லோரையும் தங்கள் பதிலை நோட்டில் எழுதச் சொன்னேன். போட்டதும் இரண்டு பல்பும் ஒரே அளவில் எரிந்தன. வகுப்பில் ஒரு முணுமுணுப்பு. "அம்மீட்டரை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டேன். முதல் பல்புக்கு முன்னால் என்றான் ஒருவன். அப்புறம் இரண்டுக்கும் நடுவில், அப்புறம் கடைசியில். மூன்று இடத்திலும் மின்னோட்டம் ஒரே அளவு. முந்தின நாள் எழுந்து விளக்கிய அதே மாணவி, "அப்படியென்றால் பல்பு எதைத்தான் செலவழிக்கிறது?" என்று கேட்டாள். ஆற்றல் என்ற சொல்லை நான் சொல்வதற்கு முன்பே அந்தச் சொல்லுக்கான தேவை அவளுக்கு வந்துவிட்டது. பத்து வருடமாக நான் அந்தச் சொல்லை முதலில் சொல்லி, தேவையைப் பிறகு தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் மின்கலத்திலிருந்து ஒன்று கிளம்பி பல்பை நோக்கி ஓடவில்லை. வயரில் இருந்த எல்லா எலக்ட்ரான் பந்துகளும் சேர்ந்தே நகர்ந்தன. உண்மையான வயரிலும் எலக்ட்ரான் நகரும் வேகம் பெரும்பாலும் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஆனாலும் பல்பு உடனே எரிகிறது, ஏனென்றால் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே வயர் முழுக்க நிறைந்திருக்கின்றன. இதை நான் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். நகர்வதைக் கண்ணால் பார்த்த வகுப்பில்தான் அது பதிந்தது.

மின்கலத்தின் இரண்டு முனைகளையும் நேராக வயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். செய்யவிடுங்கள். குறுஞ்சுற்று என்றால் என்ன என்று அதற்குப் பிறகு தனியாக விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. திரையில் தளர்ந்த இணைப்பு கிடையாது, துருப்பிடித்த முனை கிடையாது, ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு பல்புகள் வேறு வேறு அளவில் எரிவது கிடையாது. அதனால் நிஜ வயரும் நிஜ பல்பும் கண்டிப்பாகக் கையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நிஜப் பொருளை முதலில் கொடுப்பதா, சிமுலேஷனை முதலில் காட்டுவதா என்பதில்தான் என் எண்ணம் மாறியிருக்கிறது. 2005-இல் ஃபெட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிமுலேஷனில் பழகிய கல்லூரி மாணவர்கள், நிஜக் கருவிகளில் பழகியவர்களைவிட நிஜச் சுற்றைக் கட்டுவதிலும் அதை விளக்குவதிலும் நன்றாகச் செய்திருந்தார்கள். அவர்கள் கருவியைப் பற்றி அவர்களே செய்த ஆய்வுதான். ஆனால் என் வகுப்பிலும் அப்படியே நடப்பதைப் பார்க்கிறேன். இப்போது திரையில் முதல் நாள், மேசையில் இரண்டாம் நாள்.

ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், பிறகு இணையமே இல்லாமல் பிரவுசரில் திறக்கும். நான் பென் டிரைவில் முப்பதுக்கு மேல் வைத்திருக்கிறேன். பிரவுசரில் அனிமேஷன்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது வருடக்கணக்கில் சேர்த்த பாட அனிமேஷன்கள் எதுவும் திறக்காமல் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஃபெட் தன்னுடைய பழைய சிமுலேஷன்களை ஒவ்வொன்றாக, பிரவுசர் நேரடியாகத் திறக்கும் எச்டிஎம்எல் 5-க்கு மாற்றிக்கொண்டே வந்திருந்ததால் தப்பித்தேன்.

அடுத்தது பிளிக்கர்ஸ். இதைக் கேள்விப்பட்டதும் எனக்குக் கண்ணீரே வந்தது, மிகைப்படுத்தவில்லை. பிள்ளைகளிடம் மொபைல் வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் அட்டை போதும். அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஒரு வடிவம், நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று சின்ன எழுத்தில். தன் பதிலுக்கான எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் மொபைல் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று அதுவே வாசித்துக்கொள்ளும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து ஆளைப் பார்த்துத் திருப்பினால் பதில் அதேதான் வரும் என்ற நிச்சயம் கிடையாது. வாய் திறக்காத பிள்ளையும் பதில் சொல்லியாக வேண்டும். வருடம் முழுக்கக் கையைத் தூக்காத ஒரு பையன் தொடர்ந்து சரியான பதில்களைக் காட்டிக்கொண்டிருந்ததை இந்த அட்டைகள்தான் எனக்குச் சொல்லின.

வழக்கமான அட்டைத் தொகுப்பில் 40 அட்டைகள், என் வகுப்புக்குச் சரியாக இருக்கிறது. இன்னும் பெரிய வகுப்புக்கு 63 அட்டைத் தொகுப்பும் உண்டு. அச்சிடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கேமரா படிக்காது. முதல் தடவை அப்படிச் செய்துவிட்டு எல்லா அட்டைகளையும் மறுபடி அச்சிட்டேன். விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது; ஓரத்தைப் பிடிக்கப் பழக்க இரண்டு பாடவேளை ஆகும். கேள்விகளைத் திரையில் காட்டவும் பதில் சேரவும் இணையம் வேண்டும். இணையம் இல்லாத நாளில் அட்டையை மட்டும் தூக்கச் சொல்லி கண்ணாலேயே எண்ணுவேன்.

இந்த அட்டைகளை நான் மதிப்பெண்ணுக்குப் பயன்படுத்துவதே இல்லை. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து பயன்படுத்திவரும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு கருத்துக் கேள்வியைக் கேட்டு முதலில் ஒரு வாக்கெடுப்பு. சரியான பதில் 30 முதல் 70 சதவீதத்துக்குள் வந்தால் விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வது. பிறகு மறுபடி வாக்கெடுப்பு. பக்க இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும் என்று இப்படிக் கேட்டேன். முதலில் 12 பேர் சரி. மூன்று நிமிடம் சந்தைக்கடை மாதிரி சத்தம். அடுத்த வாக்கெடுப்பில் 29 பேர். நடுவில் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நேற்றுதான் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, இன்னும் புரியாத பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

வேகமாகப் பதில் சொன்னால் அதிகப் புள்ளி தரும் வினாடி வினாத் தளம் ஒன்றையும் ஒரு பருவம் பயன்படுத்தினேன். பெயர் வேண்டாம். இசை, எண்ணிக்கை குறையும் கடிகாரம், மேடையில் முதல் மூன்று பேர். கலகலப்பு இருந்தது. மூன்றாவது வாரத்தில் கவனித்தேன், யோசித்துப் பதில் சொல்லும் ஒரு மாணவி கேள்வியைப் படிக்காமலேயே ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். கேட்டதற்கு, "படித்தால் நேரம் போய்விடுகிறதே" என்றாள். அன்றோடு நிறுத்திவிட்டேன். பெருக்கல் வாய்ப்பாடு போல வேகமே நோக்கமாக உள்ள இடத்தில் அது பொருந்தலாம். புரிதலைக் கேட்கும் இடத்தில் கடிகாரம் வேண்டாம்.

கணக்குக்கு ஜியோஜீப்ரா, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்கும் மென்பொருள். ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காகச் செய்ய ஆரம்பித்தது. இதில் எனக்குப் பிடித்த பயிற்சி மிக எளியது. ஒரு மாணவனைக் கூப்பிட்டு செங்கோண முக்கோணம் வரையச் சொல்வேன். கண்ணளவில் மூன்று புள்ளி வைத்து அழகாக வரைவான். "சரி, இப்போது ஒரு முனையைப் பிடித்து இழு" என்பேன். செங்கோணம் உடைந்துவிடும். அடுத்தவள் வந்து செங்குத்துக் கோட்டுக் கருவியால் கட்டுவாள். அதை எப்படி இழுத்தாலும் செங்கோணம் நிற்கும். பார்ப்பதற்கு அப்படி இருப்பதற்கும், அப்படி இருந்தே தீர வேண்டியதற்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்கு அந்த இழுப்பில் புரிகிறது. கரும்பலகையில் வரைந்த முக்கோணத்தை யாராலும் பிடித்து இழுக்க முடியாதே.

ஒருநாள் முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் காட்டி, இழுத்துக்கொண்டே கூட்டச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "53.13, 61.92, 64.94. கூட்டினால் 179.99தான் வருகிறது" என்றான். நான் இதை எதிர்பார்க்கவில்லை. கணினி இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டுவதால் வந்த வேறுபாடு அது. ஆனால் அதைச் சொல்லிக் கடந்துபோக மனம் வரவில்லை. "அளந்து பார்த்தால் 180 என்று எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்ற கேள்வி மீதிப் பாடவேளையை எடுத்துக்கொண்டது. இணைகோடு வரைந்து நிரூபிக்கும் முறை எதற்கு என்று எந்த வகுப்பிலும் இவ்வளவு ஆவலோடு கேட்டதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்பு முடிந்ததும் எது புரியவில்லை என்று பெயர் இல்லாமல் எழுதிப் போட, வீட்டில் மொபைல் கிடைக்கும் பிள்ளைகளுக்காக கூகுள் ஃபார்ம்ஸில் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், மற்றவர்களுக்குத் துண்டுத்தாள். படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ், ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் எழுதியிருப்பதால் வினாத்தாளில் போடும்போது மனச்சான்று உறுத்தாது. இணையமே வராத இடத்தில் வேலை செய்பவர்கள் கிவிக்ஸைப் பாருங்கள். விக்கிப்பீடியாவையே மொத்தமாகத் தரவிறக்கி வைத்துப் படிக்கலாம். ஏஐ உரையாடியை ஒரே ஒரு வேலைக்கு வைத்திருக்கிறேன்: பிள்ளைகள் செய்யக்கூடிய தவறுகளைத் தவறான விடைகளாக எழுதித் தரச் சொல்வது. நான்கில் ஒன்றாவது நன்றாக இருக்கும். ஒருமுறை ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடைகளைத் தந்துவிட்டது, நல்லவேளை வகுப்புக்குப் போகும் முன் பார்த்தேன். ஒவ்வொன்றையும் நாமே போட்டுப் பார்க்காமல் பிள்ளைகள் முன் வைக்கக் கூடாது.

இப்போது நான் அதிக ஆசையோடு திறப்பது ஸ்டெல்லேரியம். வானத்தைத் திரையில் காட்டும் திறந்த மூலக் கோளரங்கம், கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் வேண்டாம். நண்பகல் நேரத்தை வைத்து, விசைப்பலகையில் 'ஏ' விசையைத் தட்டினால் வளிமண்டலம் மறைந்துவிடும். நீல வானம் போய், சூரியன் பக்கத்திலேயே நட்சத்திரங்கள் நிற்கும். "பகலிலும் அங்கேயேதான் இருக்கிறதா!" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. நிலா இரவில் மட்டும்தான் வரும் என்று இன்னமும் பாதிப் பேர் நம்புகிறார்கள். அடுத்த வாரம் தேய்பிறை. பௌர்ணமி கழிந்து ஏழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மேற்கு வானத்தில் பாதி நிலா இருக்கும். மேகம் இல்லாவிட்டால் பார்க்கலாம். அட்டைகளை எடுத்து வைத்துவிட்டேன், கேள்வியும் தயார்: இப்போது வெளியே போனால் நிலா தெரியுமா? வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் கதவைத் திறப்பேன்.