கடைக்கு இரண்டு ஸ்டார், சொட்டு மருந்துக்கு நான்கு

திருப்பாப்புலியூரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மருந்துக் கடைக்கு 2 ஸ்டார்தான், அதுவும் ராத்திரி பத்தரை வரை திறந்திருப்பதற்காக.

மகனுக்கு 6 வயது, நெஃப்ரோட்டிக் என்கிற கிட்னி நோய். சிறுநீரில் புரதம் இறங்கும்போது ரத்தத்தில் வைட்டமின் டி-யைச் சுமக்கிற புரதமும் கூடவே போய்விடுகிறதாம், போதாக்குறைக்கு ஸ்டீராய்டு வேறு எலும்பில் கை வைக்கிறது. போன வருடம் வைட்டமின் டி டெஸ்டில் 11 வந்தது, 30-க்கு மேல் வேண்டும் என்றார் டாக்டர். கடலூர் வெயிலில் இதற்கா பஞ்சம், பீச்சுக்குக் கூட்டிப் போ என்றார் மாமியார். போனோம், சாயங்காலம் ஐந்தரைக்கு. அந்த வெயிலில் டி ஊறாது, சுண்டல் தின்றதுதான் மிச்சம்.

3 மாதம் கூடுதல் டோஸ் கொடுத்து அளவை ஏற்றிவிட்டு, இப்போது தினம் 800 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து. முதல் பாட்டிலில் மில்லிக்கு 400, அதனால் 2 மில்லி. இனிப்பாக இருக்கும், பையன் முகம் சுளிக்காமல் குடிக்கிறான். டிராப்பரில் கோடுகள் பத்து நாளில் அழிந்துவிடும், அதற்கு ஒரு ஸ்டார் குறைத்தேன்.

இரண்டாவது பாட்டில் கொடுக்கும்போது கடைப் பையன், "அதேதான்க்கா, அட்டைதான் மாறியிருக்கு" என்றான். 4 நாள் அதே 2 மில்லி கொடுத்தேன். பாட்டிலில் வழிந்ததை ஈரத்துணியால் துடைக்கும்போது கடைக்காரர் ஒட்டிய விலை ஸ்டிக்கர் உரிந்து வந்தது, அடியில் பார்த்தால் மில்லிக்கு 800! கை உதறிவிட்டது. டாக்டருக்கு போன் போட்டால், 4 நாளில் ஒன்றும் ஆகாது, ஆனால் இது பி, சி வைட்டமின் மாதிரி சிறுநீரில் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும், அதிகமானால் கால்சியம் ஏறி கிட்னிக்கே கெடுதல், அடுத்த முறை கால்சியமும் பார்த்துவிடலாம் என்றார்.

கடையில் போய்க் கேட்டால், "வைட்டமின்தானேக்கா, சத்துதானே" என்கிறார்கள். ஒருநாள் சொட்டு மருந்து இல்லை, இது தரவா என்று கால்சிட்ரியாலை எடுத்து நீட்டினார்கள். வைட்டமின் டி-யில் கிட்னி செய்ய வேண்டிய வேலையை முன்பே முடித்து வருகிற மருந்து அது, டாக்டர் எழுதாமல் தொடவே கூடாது.

வீட்டுக்குப் பக்கத்தில் வேறு கடை இல்லாததால் இன்னமும் அங்கேதான் வாங்குகிறேன். காசு கொடுக்கும் முன் கவுண்டரிலேயே ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்க்கிறேன், அந்தப் பையனுக்கு முகம் சுண்டிப்போகிறது. போகட்டும்.