மிலான் பார் லூச்சே: வெஸ் ஆண்டர்சன் கட்டுன காபி கடை எப்படி இருக்கு?

மிலான் போறவங்க பாதி பேர் டுவோமோ சர்ச், பக்கத்துலயே காலேரியாங்கிற கண்ணாடிக் கூரை போட்ட பழைய கடைவீதி, கொஞ்சம் ஷாப்பிங்னு முடிச்சிட்டு வெனிஸுக்கு ரயில் ஏறிடுறாங்க. அமெரிக்க சினிமா டைரக்டர் வெஸ் ஆண்டர்சன் படம் பிடிக்கும்னா மஞ்சள் லைன் மெட்ரோல லோடி வரைக்கும் போய் இறங்கி ஒரு பத்து நிமிஷம் நடங்க. ஃபொண்டாசியோனே பிராடான்னு ஒரு ஆர்ட் மியூசியம், பிராடா ஃபேஷன் கம்பெனியோடது, 1910கள்ல சாராய டிஸ்டிலரியா இருந்த இடத்தை ஆர்க்கிடெக்ட் ரெம் கூல்ஹாஸோட ஓஎம்ஏ கம்பெனி மாத்திக் கட்டி 2015 மே மாசம் திறந்தாங்க, ஒரு பில்டிங் முழுக்க 24 கேரட் தங்க இலை ஒட்டி வச்சிருப்பாங்க அதனால தூரத்துலயே தெரிஞ்சிடும். அந்த வளாகத்துக்குள்ள இருக்கிற காபி கடைதான் பார் லூச்சே. உள் டிசைன் முழுக்க வெஸ் ஆண்டர்சன். மியூசியம் டிக்கெட் எடுக்காமலே கடைக்கு மட்டும் போகலாம்.

இவர் ஸ்டைல் என்னன்னு இப்ப யார்கிட்ட கேட்டாலும் "நடுவுல ஆள், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, பிங்க் கலர்"னு சொல்லிடுவாங்க, 2023ல டிக்டாக் ரீல்ஸ்னு ஊரே அதை காப்பி அடிச்சு தள்ளுச்சு. ஆனா உண்மைல அவர் வேலை கேமரா எங்க நிக்குதுங்கிறதுலதான் இருக்கு. சுவத்துக்கு நேர் எதிர்ல செங்குத்தா கேமராவை வைப்பார், ஆள் திரும்பினா கேமராவும் டக்குனு தொண்ணூறு டிகிரி திரும்பும், மேசை மேல இருக்கிற லெட்டர் சாவி எல்லாத்தையும் உச்சந்தலைக்கு மேல இருந்து காட்டுவார். தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல் படத்துல (2014) கதை நடக்கிற காலத்துக்கு ஏத்த மாதிரி திரையோட அகல உயரத்தையே மாத்தியிருப்பார், 1930கள் சீன் எல்லாம் பழைய படம் மாதிரி கிட்டத்தட்ட சதுரமா வரும். அதாவது இந்த மனுஷனுக்கு ஃபிரேம்தான் எல்லாம். அப்போ ஃபிரேமே இல்லாத ஒரு இடத்தை, நாலா பக்கமும் ஆள் வந்து போற ஒரு கடையை இவர்கிட்ட குடுத்தா என்ன ஆகும்? நான் போனதே இதைப் பாக்கத்தான், காபி ரெண்டாவது.

உள்ள நுழைஞ்சதும் முதல்ல மேல பாருங்க. வளைஞ்ச கூரைலயும் சுவத்தோட மேல் பாதிலயும் காலேரியாவோட கண்ணாடிக் கூரை, அலங்காரம் எல்லாத்தையும் சின்னதாக்கி வால்பேப்பரா ஒட்டியிருக்காங்க. மார்பிள் வேலை, கண்ணாடி வேலை மாதிரி தெரியுது ஆனா எல்லாமே பிரின்ட், மறைக்கவும் முயற்சி பண்ணல. அட்டைல செஞ்ச ரயில், பொம்மை சைஸ் ஹோட்டல்னு படத்துல வைக்கிறவர் இங்கயும் அதே குசும்பைப் பண்ணியிருக்கார். பிராடாவோட முதல் கடை 1913ல திறந்ததே அந்த காலேரியாவுலதான், அதனால முதலாளிக்கு ஒரு சின்ன வணக்கமாவும் இதை வச்சிருப்பார்னு எனக்குத் தோணுது. கீழ வெளிர் பச்சை சேர், சன்மைக்கா ஒட்டுன மேசை, மொசைக் தரை, சுவத்துல மரப் பேனல், 1950கள் 60கள் இத்தாலி காபி கடை எப்படி இருந்திருக்குமோ அப்படி. ஜூக்பாக்ஸ் கூட இருக்கு.

இப்ப உக்காந்து பாருங்க, சமச்சீர் போச்சு! எந்த சேர்ல உக்காந்தாலும் ஏதோ ஒரு மூலை சாய்வாதான் தெரியும், முன்னாடி ஒருத்தர் ஜாக்கெட் கழட்டுவார், ஒரு குழந்தை ஓடும். நல்ல கோணம்னு ஒண்ணு இந்த இடத்துக்குக் கிடையாது, இது நிஜ வாழ்க்கைக்கான இடம், சாப்பிட குடிக்க பேச படிக்கன்னு அவரே திறப்பு சமயத்துல சொல்லியிருக்கார். ஆனா வர்றவங்க விடுவாங்களா, ஆளாளுக்கு போனை நேரா புடிச்சுக்கிட்டு கவுன்டரோட நடுப்பகுதியைத் தேடி ஒரு அடி இடப்பக்கம் ஒரு அடி வலப்பக்கம்னு நகர்ந்துக்கிட்டே இருக்காங்க. டைரக்டர் எடுத்துப்போட்ட ஃபிரேமை ரசிகர்கள் திரும்ப மாட்டுறாங்க. எனக்கு என்னமோ இந்தக் காட்சியே அவர் படத்துல வர்ற காமெடி மாதிரி இருந்துச்சு, எல்லாரும் ரொம்ப சீரியஸா ஒரு வெட்டி வேலையைப் பண்றது.

இன்னொரு விஷயம் இருக்கு, என்னைக் கேட்டா கடையோட சுவாரஸ்யமே இதுதான். இந்த டிசைனுக்கு அவர் எடுத்துக்கிட்ட ரெண்டு பழைய இத்தாலியப் படம், டைரக்டர் டி சிக்காவோட மிராக்கிள் இன் மிலான் (1951), டைரக்டர் விஸ்கான்டியோட ரோக்கோ அண்ட் ஹிஸ் பிரதர்ஸ் (1960). ரெண்டும் பிளாக் அண்ட் ஒயிட், ரெண்டும் ஏழைங்க கதை. ஒண்ணு ஊர் ஓரத்துல குடிசை போட்டு இருக்கிறவங்க, இன்னொண்ணு தெற்கு இத்தாலில இருந்து பொழைக்க மிலானுக்கு வந்த ஒரு குடும்பம், அதுல வர்ற அடிதடியும் அழுகையும் மனசை ரெண்டு நாளைக்கு விடாது. அதுல இருந்து வெளிர் பிங்க்கும் வெளிர் பச்சையும் எப்படி வந்துச்சுன்னு முதல்ல எனக்குக் கொஞ்சம் கடுப்பாதான் இருந்துச்சு, ஃபேக்டரியும் ரயில்வே யார்டும் இருந்த ஏரியா வேற, அங்க போய் ஃபேஷன் கம்பெனி காசுல அழகான கேக் கடை. ஆனா அவர் எப்பவுமே இப்படித்தான். தி டார்ஜிலிங் லிமிடெட் (2007) எடுத்தப்போ சத்யஜித் ரே படங்களோட இசையை எடுத்துப் போட்டார், படத்தை ரேவுக்கே சமர்ப்பணமும் பண்ணார், ஆனா நாம பார்த்தது ராஜஸ்தான்ல ஓடுற நீல ரயில்ல மூணு அமெரிக்க அண்ணன் தம்பிங்க அப்பா வச்சிட்டுப்போன பெட்டிகளைத் தூக்கிட்டு சுத்துறது. பிடிச்ச படத்தோட வலியை அப்படியே எடுத்துக்க மாட்டார், அதோட சாமான் செட்டை எடுத்துப்பார், வலி வேற எங்கயாவது ஓரமா வரும். படத்துல வரும், அதுதான் பிரச்சனை. கடைல வராது, ஏன்னா கடைல கதை இல்ல. கிராண்ட் புடாபெஸ்ட்ல அந்த பிங்க் எல்லாம் சும்மா அழகுக்கு இல்ல, பின்னாடி போர் வருது, எல்லாம் அழியப் போகுதுன்னு தெரிஞ்சுதான் அந்த கலர் நம்மள உலுக்கும். இங்க பிங்க் வெறும் பிங்க்.

மூலைல ரெண்டு பின்பால் மெஷின் (உருண்டையைத் தட்டி விளையாடுற கேம் மெஷின்) இருக்கு, தவற விடாதீங்க. ஒண்ணு அவரோட தி லைஃப் அக்வாட்டிக் படத்து ஹீரோ ஸ்டீவ் ஸிஸ்ஸூ பேர்ல, இன்னொண்ணு காஸ்டெல்லோ கவல்கான்டி, 2013ல பிராடாவுக்காக அவர் எடுத்த எட்டு நிமிஷ குறும்படம். போறதுக்கு முன்னாடி அதைப் பாத்துட்டுப் போங்க. 1955ல ஒரு இத்தாலிய குட்டி ஊர்ல ரேஸ் கார் இடிச்சு நிக்கும், டிரைவர் ஜேசன் ஷ்வார்ட்ஸ்மேன் இறங்கி பக்கத்துல இருக்கிற காபி கடைல போய் உக்காருவார், அவ்ளோதான் படம். பார் லூச்சேவோட ஒத்திகை அதுதான்னு பாத்தாலே புரியும். மெஷினோட பெயின்டிங்ல எவ்ளோ சின்னச் சின்ன வேலை இருக்குன்னு குனிஞ்சு பாருங்க, அவர் கை மொத்தக் கடைலயும் தெளிவா தெரியறது எனக்கு இங்கதான்.

சாப்பாடு விஷயத்துக்கு வர்றேன். பார்னு பேர் இருந்தாலும் பகல்ல காபி, கேக், பனினி சாண்ட்விச்சுக்குத்தான் கூட்டம். காபி நல்லா இருந்துச்சு, மிலான்ல காபி மோசமா கிடைக்கிறதே கஷ்டம். கேக் பாக்கிறதுக்கு இருக்கிற அழகுல பாதிதான் வாய்ல, அது என் டேஸ்ட். மியூசியம் கடை விலைதான், தெருமுனை கடை விலையை எதிர்பார்த்துப் போகாதீங்க. வீக்கெண்ட் மதியம் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டி வரும், வார நாள் காலைல போனா பக்கத்து ஆபிஸ்காரங்களும் பேப்பர் படிக்கிற தாத்தாக்களும்தான், அப்பதான் அவர் சொன்ன நிஜ வாழ்க்கை கொஞ்சம் தெரியுது.

கவுன்டருக்கு நேரா இருக்கிற சீட்டுக்கு அடிச்சுக்காதீங்க, பின்னாடி போட்டோக்காரங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க. பின்பால் பக்கம் உக்காருங்க. இத்தாலில கப்புச்சீனோ காலைலதான் குடிப்பாங்க, ஆனா மதியத்துக்கு மேல கேக்கலாமா கூடாதான்னு ரொம்ப யோசிக்காதீங்க, கேட்டா கொடுப்பாங்க, இத்தாலிக்காரங்க மனசுக்குள்ள சிரிச்சுப்பாங்க அவ்ளோதான்.